சயாம் ரயில்: எந்தச் சுற்றுலாவில் போவது?

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாங்காக் போகும் என் அண்ணன் மகள், காஞ்சனாபுரிக்கான சுற்றுலாப் பட்டியலை எனக்கு அனுப்பி, "இதுல எதை எடுக்கிறது, அத்தை?" என்று கேட்டாள். ஒன்று, காலையில் மிதவைச் சந்தை, மதியம் குவாய் பாலம். இன்னொன்று, பாலமும் ரயில் பயணமும் எரவான் அருவியும். மூன்றாவது, போர் வரலாற்றுச் சுற்றுலா: பாலம், போர்க் கல்லறை, ஹெல்ஃபயர் பாஸ். நான்காவதில் ஆற்றில் மிதக்கும் தெப்ப விடுதியில் ஓர் இரவு. எல்லாவற்றிலும் பாலம் இருந்தது. எதிலும் தமிழன் இல்லை.

நான் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்தவள். என் தாத்தாவின் அண்ணன், போர்க்காலத்தில் சயாமில், அதாவது தாய்லாந்தில், ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் திதி கிடையாது. ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவோம். அதனால் அந்தப் பட்டியலை நான் வேறு விதமாகத்தான் படிக்க முடியும்.

முதலில் ரயில் பாதையின் கதை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்குள்ள படைக்குத் தளவாடமும் உணவும் அனுப்ப வழி தேவைப்பட்டது. மலாக்கா நீரிணை வழியாக ரங்கூன் போகும் கடல்வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் அறுத்துக்கொண்டு 415 கிலோமீட்டர் பாதை போட முடிவெடுத்தார்கள். போருக்கு முன் பிரிட்டிஷார் இதே வழியை அளந்து பார்த்து, ஆகாத வேலை என்று விட்டிருந்தார்கள். ஜப்பானியர் 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனைகளையும் கொன்கொயித்தாவில் இணைத்துவிட்டார்கள். மனித உயிரைக் கணக்கில் வைக்காததால்தான் அந்த வேகம்.

60,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கைதிகளைப்போல மூன்று மடங்கு, சில கணக்குகளில் நான்கு மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். இவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் முக்கால் லட்சம் பேர் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் பெரும்பங்கு எங்கள் ஆட்கள்.

ஏன் தமிழர்? போர் வந்ததும் ரப்பர் விற்க வழியில்லாமல் பால்வெட்டு நின்றது. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு ஆனது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு விழுந்தது. அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். முதலில் நம்பிப் போனார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்ததும் யாரும் முன்வரவில்லை. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கங்காணி வழியாகவும் கிராணி (தோட்டக் கணக்கர்) வழியாகவும் கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதும் நடந்தது. சரக்கு ரயில் பெட்டியில் நாள்கணக்கில் நின்றபடி போய் பான்போங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா பாதை நெடுகிலும் பரவியது. கைதிகள் முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நோயாளியைத் தனியே வை, குழி தோண்டு என்று உத்தரவிட அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாத இடத்திலும் அந்த ஒழுங்கு பல உயிர்களைக் காப்பாற்றியது. பெரும்பாலான கூலி முகாம்களில் மருத்துவரும் இல்லை, சொன்னால் கேட்க ஒரு தலைமையும் இல்லை. மூங்கில் கொட்டகையில் நோயாளியும் பிணமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள்.

பின்னாளில் சுற்றுலாவின் வரலாற்றை முதலில் தீர்மானித்தது இதே வேறுபாடுதான். கைதிகளிடம் எழுத்து இருந்தது. யார் எந்த நாளில் இறந்தார், எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்று அதிகாரிகள் ரகசியமாகக் குறித்துவைத்தார்கள். சில குறிப்புகளைப் புட்டியில் போட்டு மண்ணுக்குள் ஒளித்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்து ஒரு மாதத்துக்குள், கல்லறை தேடும் சிறு குழுவொன்று அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அந்த உடல்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு காஞ்சனாபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாத்திலும் மூன்று பெரிய கல்லறைகளில் சேர்த்தார்கள். தமிழனின் பெயரை எழுதிவைக்க ஆள் இல்லை. ஆகவே தேடிப் போகவும் ஆள் இல்லை.

சுற்றுலாவைத் தீர்மானித்த இரண்டாவது விஷயம், சினிமா. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் குவாய் பாலம் பற்றி நாவல் எழுதினார். போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். தோட்டத் தமிழர்களை அன்றாடம் கண்டவர். ஆனால் கதை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மனப்போராட்டம். 1957-இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். படப்பிடிப்பு தாய்லாந்தில் நடக்கவில்லை. இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின்மேல் பாலம் கட்டி, அதைத் தகர்த்தும் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், பாலம் எங்கே என்று கேட்டுக்கொண்டு தாய்லாந்துக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்குக் காட்டக் குவாய் ஆற்றின்மேல் பாலமே இல்லை. ரயில் பாதை குவாய் ஆற்றங்கரையோடு போகிறதே தவிர, காஞ்சனாபுரியில் அது கடந்தது மேக்லோங் ஆற்றை. 1960 வாக்கில் தாய்லாந்து அரசு அந்த இடத்தில் மேக்லோங்கின் பெயரை குவாய் யாய் என்று மாற்றியது. கதைக்கு ஏற்ப ஆற்றின் பெயரே மாறியது. இன்று பாலத்தில் நிற்பவர்கள் இரும்பு வளைவுகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வளைந்தவை ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கொண்டுவந்தவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடத்தில், போருக்குப் பின் வைத்தவை. தாக்கியது விமானம், படத்தில் வருவதுபோல யாரும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் இறந்தவர்களைத் தேடி வந்தது. 1977-இல் காஞ்சனாபுரியின் புத்த மடமொன்று, கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டி, ஜீத் அருங்காட்சியகத்தைத் திறந்தது. 1980-களில் முதுமையடைந்த ஆஸ்திரேலியக் கைதிகள் திரும்பிவந்து, ரயில் பாதைக்காக மலையைப் பிளந்த இடமான, காடு மூடிக் கிடந்த ஹெல்ஃபயர் பாஸை மீட்க வழிசெய்தார்கள். 1998-இல் ஆஸ்திரேலிய அரசு அங்கே அருங்காட்சியகம் கட்டியது. ஒவ்வோர் ஏப்ரல் 25-ஆம் தேதியும் விடியலில் அங்கே நினைவு வழிபாடு நடக்கிறது. 2003-இல் காஞ்சனாபுரிக் கல்லறைக்குப் பக்கத்தில் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் வந்தது. போர் வரலாற்றுச் சுற்றுலா என்று இன்று விற்கப்படும் வழி இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து உருவானதுதான். அந்த ஆஸ்திரேலியர்களை நான் மனதார மதிக்கிறேன். தங்கள் ஆட்களை மறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். நாம் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்தார்கள்.

ஹெல்ஃபயர் பாஸில் நான் நெடுநேரம் நின்றது ஒரு பாறைச் சுவரின் முன். விரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதலான நீளக் குழிகள் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்குகின்றன. ஒருவர் இரும்பு உளியை நிமிர்த்திப் பிடிப்பார். இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். குழி ஆழமானதும் வெடிமருந்து. உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்ட வேண்டும். ஓரிடத்தில் முறிந்த உளி நுனி பாறைக்குள்ளேயே துருவேறி நிற்கிறது. 1943-இல் 'ஸ்பீடோ' (வேகம்) என்று காவலர்கள் கத்திய மாதங்களில், மூங்கில் பந்த வெளிச்சத்தில் இரவும் பகலும் இந்த வேலை நடந்தது. இதில் கைதிகளோடு தமிழர்களும் மலாய்க்காரர்களும் அடித்தார்கள், சுமந்தார்கள். எந்தக் குழி யார் போட்டது என்று பாறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். தாழ்ந்த கல், அதன்மேல் வெண்கலத் தகடு, பெயர், படைப்பிரிவு, வயது, வீட்டார் எழுதியனுப்பிய ஒரு வரி. புல்லை அன்றாடம் பராமரிக்கிறார்கள். அதற்கு அடுத்த வளாகத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அங்கே ஒரு சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் தமிழர்களுக்கு நடுகல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் கல்லறை வாசலில் வரிசையாக நிற்கும்; பக்கத்துக் கோயிலுக்குள் திரும்புவது அபூர்வம். 1990-இல் இதே ஊரில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இன்னும் எத்தனை வயல்கள் தோண்டப்படாமல் கிடக்கின்றனவோ.

எங்கள் பக்கம் நினைவை எழுத்தில் காத்தவர்கள் சிலர் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் மலேசியத் தமிழர் வீட்டில் இருக்க வேண்டிய நாவல்கள். காஞ்சனாபுரி போகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது படித்துவிட்டுப் போகவேண்டும்.

அண்ணன் மகளுக்கு நான் எழுதியது இதுதான். மிதவைச் சந்தையையும் பாலத்தையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாவை விட்டுவிடு. அதில் பாலத்துக்குக் கிடைப்பது படம் எடுக்கும் நேரம் மட்டும். போர் வரலாற்றுச் சுற்றுலாவை எடு. ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேள். வழிகாட்டி ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுவாரா? வாட் தாவோர்ன் வராராமில் அரை மணி நேரம் நிறுத்துவீர்களா? முடியாது என்றால் ஊரில் ஓர் இரவு தங்கி நீங்களே போங்கள். முதலில் ரயில்வே மையம். யார் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே புரியும். அடுத்து கல்லறை, அதை ஒட்டிய கோயில். மறுநாள் காலை, அந்தப் பழைய பாதையில் நாம்தோக் வரை போகும் ரயிலில் ஏறுங்கள். தாம்கிரசேயில் பாறை விளிம்பை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி மிக மெதுவாகப் போகும்; பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நாம்தோக்கிலிருந்து ஹெல்ஃபயர் பாஸ். அருவிக்கும் போங்கள், விடுமுறைதானே. பாலத்தைக் கடைசியில் பாருங்கள்.

சுற்றுலா நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் கேட்பதைத்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். சினிமா ரசிகர்கள் கேட்டார்கள், பாலம் வந்தது. ஆஸ்திரேலியர்கள் கேட்டார்கள், மலைப்பிளவு வந்தது. மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தாய்லாந்துக்குப் போகின்றன. ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கோயிலைக் கேட்கட்டும். கேட்டால் அதுவும் பட்டியலில் வரும்.