படைக்கலத் தடையும் பித்தளைத் தோட்டாவும்

ஆங்கிலேயர் தமிழகத்தில் விதித்த படைக்கலத் தடையை ஆராய்வோர், அரசாணைகளையும் சட்டங்களையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். தோட்டாவின் பித்தளைக் கூடும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சான்றே என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையின் தொடக்கத்தைத் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியிற் காண்கிறோம். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினார். தூத்துக்குடியும் சின்னாள் பாளையக்காரர் வசமாயிற்று. மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையத்து மக்கள் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருத்தலை விலக்கிற்று. ஈண்டுத் தடை ஆளின் கையோடு நின்றது.

1857-க்குப் பின் அது கருவியினுள்ளும் புகுந்தது. இந்தியச் சிப்பாய்களுக்குப் புரிகுழல் மறுக்கப்பட்டு, உட்புறம் வழவழப்பாகக் கடைந்த குழலே வழங்கப்பட்டது. பொதுமக்களை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தால் கட்டியது. ஐரோப்பியரோ அதினின்றும் விலக்குப் பெற்றனர்.

பித்தளைக் கூடு வழக்கிற்கு வந்தபின் புதியதோர் இடர் தோன்றியது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அப்பித்தளை, அடித்து வளைக்குந்தோறும் இறுகும்; காய்ச்சினால் மீண்டும் இளகும். எனவே சுட்டெறிந்த கூட்டைக் காய்ச்சி, அச்சிலிட்டு, வேறோர் அளவினதாக மாற்றல் கூடும். வழக்கொழிந்த துப்பாக்கியும் இங்ஙனம் உயிர்பெறும். 1871-இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-என்றி துப்பாக்கியின் குண்டு 0.450 அங்குல அளவினது. அவ்வளவின் வேட்டைத் தோட்டாக்களைப் பிரித்துக் கிளர்ச்சியாளர் பயன்கொள்வர் என்னும் அச்சத்தாலேயே, 1907-ஆம் ஆண்டளவில் 0.450 அளவு இந்தியாவில் தடுக்கப்பட்டது என்பர். படையின் 0.303 அளவும் குடிமக்களுக்கு விலக்காயிற்று.

இவ்வச்சத்தின் முடிந்த வடிவம் காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் அளித்த 0.410 அங்குலத் துப்பாக்கியாகும். படைத்துப்பாக்கியை ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் மாற்றியமைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே இடுமாறு செய்தனர். 0.303 தோட்டாவின் கூடு மேற்பகுதியில் ஒடுங்கிக் கழுத்தாகும், 0.410 தோட்டா அக்கழுத்தின்றி அமைந்த அதே கூடாம். ஆதலின் காவலரின் துப்பாக்கியைக் கவர்ந்தவனுக்குப் படையின் தோட்டா உதவாது. அதன் சிறுகுண்டு அகன்ற குழலிற் பற்றாது. கழுத்தை நீக்கியமை சிக்கனம் கருதியன்று, ஐயம் கருதியே என்பது இதனாற் புலனாம்.

இப்பூட்டு முழுக் காவலாயிற்றோ எனின், இல்லை. 1911 சூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆசு சுடப்பட்டபோது வாஞ்சிநாதன் ஏந்தியது பெல்சியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. உள்நாட்டில் அடைத்த வழியைக் கடல்வழி திறந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. எனினும் 1962-ஆம் ஆண்டு விதிகள் 0.303 துப்பாக்கியையும் 0.410 துப்பாக்கியையும் தடுக்கப்பட்ட வகையிலேயே வைத்தன. ஆண்டோர் அகன்றபின்னும் அவர்தம் ஐயம் அளவெண்ணாக எஞ்சிற்று. ஆகவே, நம் அருங்காட்சியகங்களிற் கிடக்கும் பித்தளைக் கூடுகளை அளந்து பதிவு செய்தல், கல்வெட்டைப் படியெடுத்தலை ஒத்த கடமையாகும்.