பாரதக் களமும் திரையரங்கும்: வடமாலபேட்டை வட்டாரத்தை முன்வைத்து

1983ஆம் ஆண்டுத் தேர்தலில் என்.டி. ராமராவ் திருப்பதி, குடிவாடா ஆகிய இரு தொகுதிகளிலும் வெற்றி பெற்றார். திரையில் அவர் ஏற்ற கண்ணன் வேடமே இதற்குக் காரணம் என்பது பலரும் கூறும் விளக்கம். நடிகரையும் தெய்வத்தையும் பிரித்தறிய இயலாதவர் வாக்காளர் என்பது இதன் உட்கிடை. சித்தூர் வட்டாரத்தின் பண்பாட்டு வரலாறு இக்கருத்திற்கு இடந்தரவில்லை.

புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே அமைந்தது வடமாலபேட்டை. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி இது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. வடமாலபேட்டை ஆந்திரத்திலேயே நின்றது (2022 முதல் திருப்பதி மாவட்டம்). எனினும் எல்லையின் இருபுறமும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

பகலில் பாரதக் கதை கூறுவர். இரவில் கூத்து நிகழும். அருச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் மகப்பேறு வேண்டும் பெண்கள் மரத்தடியில் காத்திருப்பர். மேலிருந்து எறியப்படும் எலுமிச்சம்பழம் அவர்களுக்கு அருட்பொருளாகும். ஏறுபவர் ஒரு கூத்துக் கலைஞர் என்பதும், வேடங் கலைத்தபின் அவர் ஊர் திரும்புவார் என்பதும் அப்பெண்கள் அறியாதவை அல்ல. இறுதி நாளில் மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தருகே கூந்தல் முடிக்கும் திரௌபதியும் பெரும்பாலும் ஆடவரே. வேடமும் ஆளும் வேறு என்ற அறிவோடேயே வழிபாடு நிகழ்கிறது. ஆய்வாளர் பலர் காணத் தவறியது இதனையே எனலாம்.

திரைப்படத்தையும் இம்மரபின் தொடர்ச்சியாகவே நோக்கவேண்டும். கே.வி. ரெட்டி இயக்கிய மாயாபஜார் 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. கண்ணனாக ராமராவும் கடோற்கசனாக எஸ்.வி. ரங்காராவும் இரண்டிலும் தோன்றினர். அபிமன்யுவோ தெலுங்கில் நாகேசுவரராவ். தமிழில் ஜெமினி கணேசன். நாயகியின் பெயரும் சசிரேகா, வத்சலா என வேறுபட்டது. ஆண்டுதோறும் வெவ்வேறு கலைஞரை அருச்சுனனாகக் கண்டு பழகியவர்க்கு இது வியப்பளித்திராது.

ராமராவ் 1982இல் தொடங்கிய கட்சி தெலுங்கர் தன்மானத்தையும் கிலோ இரண்டு ரூபாய் அரிசியையும் முன்னிறுத்தியது. வாக்களித்தோர் இவற்றையும் எண்ணிப் பார்த்திருப்பர் எனக் கொள்வதில் தடையென்ன? 2009இல் நடிகர் சிரஞ்சீவி இரு தொகுதிகளில் போட்டியிட்டார். திருப்பதியில் வென்ற அவர், தம் சொந்த மாவட்டத்துப் பாலகொல்லுவில் தோற்றார்.