வாக்குக்கு அப்பால் வைக்கப்பட்ட இரு செலவுகள்: இந்திய அரசுக் கணக்கில் ரயில்வே வட்டியும் அதிகாரிகளின் ஊதியமும்

1872ஆம் ஆண்டு, இந்திய நிதி நிலையை விசாரித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின் முன் வில்லியம் மாஸி சாட்சியம் அளித்தார். 1865 முதல் 1868 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதி உறுப்பினராக இருந்தவர் அவர். இந்திய ரயில்பாதைகளில் போடப்பட்ட ஆங்கிலேய மூலதனத்தைப் பற்றி அவர் கூறியதன் சாரம் இது: இந்திய வருவாயிலிருந்து ஐந்து விழுக்காடு வட்டி உறுதியாகக் கிடைக்கும்வரை, தாம் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பது பற்றி முதலீட்டாளருக்குக் கவலை இல்லை. கருவூலத்தின் சாவியை வைத்திருந்த ஒருவரே பதவியிலிருந்து இறங்கிய பின் இதைச் சொன்னார் என்பது கவனத்துக்குரியது. பதவியில் இருந்த காலத்திலும் அந்த வட்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை.

பொதுப்பணத்துக்கு அரசு யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியின் இந்திய வரலாறு பெரும்பாலும் வரிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதைச் செலவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு இனங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்று, கட்டுமானத்துக்காக வாங்கிய மூலதனத்தின் வட்டி. மற்றொன்று, உயர் அதிகாரிகளின் ஊதியமும் ஓய்வூதியமும். இவ்விரண்டும் முக்கால் நூற்றாண்டு காலம் ஒரே தர்க்கத்தால் பாதுகாக்கப்பட்டன. ஒருமுறை வாக்களித்தாயிற்று, ஆகவே இனி விவாதிக்க இடமில்லை என்பதே அந்தத் தர்க்கம்.

ரயில்வே உத்தரவாதத்தின் தொடக்கம் 1849. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஆகிய இரு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். லண்டனில் திரட்டப்படும் மூலதனத்துக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி. பாதையின் வருமானம் அந்த வட்டிக்குப் போதாவிட்டால் எஞ்சியதை இந்திய வருவாய் ஈடுகட்டும். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் லாபம் வந்தால், அதில் ஒரு பங்கு முன்பு வாங்கிய உத்தரவாதத் தொகையைத் திருப்பிச் செலுத்தப் பயன்படும். நிறுவனம் விரும்பினால் ஆறு மாத முன்னறிவிப்புடன் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட மூலதனத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறலாம்.

மேற்பார்வை அதிகாரம் காகிதத்தில் அரசிடமே இருந்தது. பாதையின் திசை, வடிவமைப்பு, கட்டணம் எல்லாவற்றுக்கும் அரசின் ஒப்புதல் தேவை. ஆயினும் செலவைக் குறைக்க வேண்டிய தூண்டுதல் நிறுவனத்துக்கு இல்லை. குறைந்தாலும் கூடினாலும் கிடைப்பது அதே ஐந்து விழுக்காடு. மைலுக்கு 8,000 பவுண்டு என்ற தொடக்க கால மதிப்பீடு, 1860களின் இறுதியில் சராசரியாகச் சுமார் 18,000 பவுண்டாக உயர்ந்திருந்தது. அதற்குள் 4,000 மைலுக்கு மேல் பாதை போடப்பட்டிருந்தது. லாபம் முழுவதும் நிறுவனங்களுக்கு, நட்டம் முழுவதும் அரசுக்கு என்று வைஸ்ராய் ஜான் லாரன்ஸே எழுத நேர்ந்தது. 1869இல் அரசே நேரடியாகப் பாதை அமைக்கும் கொள்கைக்கு மாறியதன் பின்னணி இதுதான்.

ஆனால் பழைய ஒப்பந்தங்கள் கலையவில்லை. 1870ஐ ஒட்டி, கிரேட் இந்தியன் பெனின்சுலா உள்ளிட்ட சில நிறுவனங்களுடன் லண்டனில் புதிய ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவரை செலுத்தப்பட்ட உத்தரவாத வட்டியைத் திரும்பப் பெறும் உரிமையை அரசு கைவிட்டது. 25 ஆண்டு முடிவில் பாதையை விலைக்கு வாங்கும் வாய்ப்பும் மேலும் 25 ஆண்டு தள்ளிப்போனது. ஈடாகக் கிடைத்தது உபரி லாபத்தில் பாதி. அந்த உபரி ஆண்டுக் கணக்கில் பார்க்கப்படவில்லை, அரையாண்டுக் கணக்கில் பார்க்கப்பட்டது. விளைச்சல் பெருகிச் சரக்கு குவியும் அரையாண்டில் நிறுவனத்துக்கு உபரியில் பங்கு. சரக்கு குறையும் அரையாண்டில் அதே நிறுவனத்துக்கு அரசின் ஈட்டுத்தொகை. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் உபரியே இல்லாத பாதைக்கும் உபரிப் பங்கு போய்ச் சேர்ந்தது.

உத்தரவாதம் இல்லாமல் மூலதனம் இந்தியாவுக்கு வந்திருக்காது என்பது அதை ஆதரித்தோரின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. புதிய நாட்டில் புதிய தொழில்நுட்பத்தை நம்பி எவரும் எளிதில் பணம் போடமாட்டார். ஆனால் இழப்பு முழுவதையும் அரசே தாங்குவதாயின், அந்தப் பணத்தை அரசே தன் பெயரில் குறைந்த வட்டிக்குக் கடனாக வாங்கியிருக்கலாம் என்ற எதிர்க்கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. எந்தக் கட்டுமானம் முதலில் தேவை என்ற கேள்வியும் இருந்தது. அதே 1872 குழுவின் முன், இந்தியாவுக்குத் தேவை நீர்வழியும் பாசனமும் என்று ஆர்தர் காட்டன் வாதிட்டார். ரமேஷ் சந்திர தத் பின்னாளில் தொகுத்த கணக்கின்படி, நூற்றாண்டின் இறுதிக்குள் ரயில்வேயில் இடப்பட்டது சுமார் 22.6 கோடி பவுண்டு. அதனால் 1900 வரை இந்திய வருவாய் சுமந்த நிகர இழப்பு சுமார் 4 கோடி பவுண்டு. பாசனத்துக்குக் கிடைத்ததோ சுமார் 2.4 கோடி பவுண்டு மட்டுமே.

இந்த வட்டி ‘ஹோம் சார்ஜஸ்’ எனப்பட்ட கணக்கில், லண்டனில் பவுண்டில் செலுத்தப்பட்டது. அதே கணக்கில்தான் ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியமும், விடுப்பில் தாயகம் சென்றவர்களின் ஊதியமும் இருந்தன. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்கணக்கின் மொத்தம் சுமார் 1.7 கோடி பவுண்டு. வட்டியும் ஊதியமும் ஒரே பேரேட்டின் அடுத்தடுத்த வரிகளாக அமைந்தன. இரண்டையும் செலுத்தியது இந்திய வருவாய். இரண்டையும் முடிவுசெய்தது லண்டன்.

1870களின் தொடக்கத்தில் சுமார் 2 ஷில்லிங் மதிப்புடன் இருந்த ரூபாய், வெள்ளியின் விலை வீழ்ச்சியால் 1892–93இல் சுமார் 1 ஷில்லிங் 3 பென்ஸாகச் சரிந்தது. பவுண்டில் செலுத்த வேண்டிய ஒவ்வொரு தொகைக்கும் கூடுதல் ரூபாய் தேவைப்பட்டது. அந்த நெருக்கடியின் நடுவே, 1893இல், இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ளாத ஐரோப்பிய அதிகாரிகளுக்கு ‘நாணயமாற்று ஈட்டுப்படி’ வழங்கப்பட்டது. ஊதியத்தில் பாதி, ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்ற வரம்புக்குள், 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற சலுகை விகிதத்தில் கணக்கிடப்பட்டது. சந்தை விகிதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்திய வருவாய் கொடுத்தது. அதே அலுவலகத்தில் பணியாற்றிய இந்திய எழுத்தருக்கு இதில் எதுவும் இல்லை.

சட்டமன்றத்தின் வாக்கு இதற்குத் தேவைப்படவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் வரவு செலவு அறிக்கை பற்றிக் கருத்துக் கூறவும் கேள்வி கேட்கவும் மட்டுமே உறுப்பினர்களுக்கு இடமளித்தது. செலவை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பொறுப்பு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அங்கோ இந்திய வரவு செலவு கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், பெரும்பாலும் காலியான இருக்கைகளின் முன் வாசிக்கப்பட்டது. இந்தியாவுக்கான அமைச்சரின் ஊதியமே இந்திய வருவாயிலிருந்து தரப்பட்டதால், அந்த ஊதியத்தை வெட்டக் கோரி விவாதம் எழுப்பும் வழியும் அங்கே அடைபட்டிருந்தது. பணம் கொடுத்த நாட்டில் வாக்கு இல்லை. வாக்கு இருந்த நாட்டுக்குச் செலவு இல்லை.

இந்தச் செலவின் மறுமுனையில் இருந்தது உப்பு. 1888இல் மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்ட உப்பு வரி, 1903 வரை குறையவில்லை. ஈட்டுப்படி வழங்கப்பட்ட ஆண்டும், பெரும் பஞ்சங்கள் நிகழ்ந்த 1896–97, 1899–1900 ஆகிய ஆண்டுகளும் இந்தக் கால எல்லைக்குள் அடங்குபவை.

இந்தியச் செலவினத்தை ஆராய 1895இல் வெல்பி பிரபு தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தாதாபாய் நவ்ரோஜி அதன் உறுப்பினர். 1897இல் தின்ஷா வாச்சா, கோபால கிருஷ்ண கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி, சென்னையிலிருந்து ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் லண்டன் சென்று அதன் முன் சாட்சியம் அளித்தனர். ரயில்வே வட்டியையும் ஐரோப்பிய ஊதியத்தையும் தனித்தனிக் குறைகளாகப் பார்க்காமல், கட்டுப்பாடற்ற ஒரே நிதி அமைப்பின் இரு விளைவுகளாகக் காட்டியதே அந்தச் சாட்சியங்களின் வலிமை. செலவின் அளவைப் பற்றிய புகாரை, செலவுக்கு ஒப்புதல் தரும் உரிமையைப் பற்றிய கோரிக்கையாக அவர்கள் மாற்றினார்கள். 1900இல் வெளிவந்த பெரும்பான்மை அறிக்கை சிறு நிவாரணங்களோடு நின்றது. நவ்ரோஜி, வெட்டர்பர்ன், கெய்ன் ஆகிய மூவரும் தனி அறிக்கை எழுதினர்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கோரிக்கைக்குப் பாதி விடை அளித்தது. இந்தியாவுக்கான அமைச்சரின் ஊதியம் பிரிட்டிஷ் கருவூலத்துக்கு மாற்றப்பட்டது. மத்திய சட்டமன்றத்துக்கு மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. 1921இல் பொதுக் கணக்குக் குழு பிறந்தது. ஆனால் அதன் தலைவர் நிதி உறுப்பினரே. கணக்குக் கொடுக்க வேண்டியவரே கணக்குக் கேட்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மேலும், வாக்குக்கு உட்படாத செலவுகளின் பட்டியல் ஒன்றையும் அச்சட்டமே வகுத்தது. பாதுகாப்புச் செலவுடன், கடன்களின் வட்டியும், மன்னரோ லண்டன் அமைச்சரோ நியமித்த அதிகாரிகளின் ஊதியமும் ஓய்வூதியமும் அதில் இடம்பெற்றன. பழைய பேரேட்டின் அதே இரு வரிகள் இப்போது சட்டப் பிரிவாயின.

1924 செப்டம்பரில் இந்த ஏற்பாட்டின் இரு முகங்களும் ஒரே அவையில் தெரிந்தன. உயர் பணிகளுக்குக் கூடுதல் சலுகைகளைப் பரிந்துரைத்த லீ ஆணைய அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது, மோதிலால் நேருவின் எதிர்த் திருத்தம் அவையில் வென்றது. ஆயினும் பரிந்துரைகளில் பெரும்பகுதியை அரசு நடைமுறைப்படுத்தியது. அதே மாதம் 20ஆம் நாள், ரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரிக்கும் தீர்மானத்தை அதே அவை ஏற்றது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரி உறுப்பினராக இருந்த ஆக்வொர்த் குழுவின் பரிந்துரையை ஒட்டியது இது. ரயில்வே பொது நிதிக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட பங்களிப்பைத் தர வேண்டும், அதன் கணக்கு தனியாக அவைமுன் வைக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கு உருவானது. கட்டுமான நிதி ஓரளவு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்தது. உயர் அதிகாரிகளின் ஊதியம் வாக்குக்கு வெளியிலேயே நின்றது.

அரசியலமைப்புச் சட்டம் இந்த மரபை முற்றிலும் கைவிடவில்லை, அதன் பொருளை மாற்றியது. 112ஆம் பிரிவின்படி கடன் வட்டி, நீதிபதிகளின் ஊதியம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஊதியம் முதலியவை தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டவை. இவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. வடிவம் பழையது, நோக்கம் வேறு. காலனியக் காலத்தில் நிர்வாகத்தை மக்களிடமிருந்து காக்க வாக்கு விலக்கப்பட்டது. குடியரசில், நிர்வாகத்தைத் தட்டிக்கேட்பவர்களை அந்த நிர்வாகத்திடமிருந்து காக்க அது விலக்கப்படுகிறது. மற்ற அரசு ஊழியர்களின் ஊதியம் மானியக் கோரிக்கைகளுக்குள் வந்துவிட்டது. அரசு தரும் உத்தரவாதங்களுக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு கட்டலாம் என்கிறது 292ஆம் பிரிவு. 1849இன் ஒப்பந்தங்களுக்கு இல்லாத கடிவாளம் அது.

கடிவாளம் இருப்பதும் அது பிடிக்கப்படுவதும் வேறுவேறு. 2015இல் அறிக்கை அளித்த ஏழாவது ஊதியக் குழு, தன் பரிந்துரைகளால் முதல் ஆண்டில் ஏற்படும் கூடுதல் செலவு சுமார் 1.02 லட்சம் கோடி ரூபாய் என்றும், அதில் 28,450 கோடி ரூபாய் ரயில்வேயைச் சாரும் என்றும் கணக்கிட்டது. 2017இல் தனி ரயில்வே வரவு செலவு அறிக்கை பொது அறிக்கையுடன் இணைந்தது. 2017–18இல் ரயில்வே ஒவ்வொரு நூறு ரூபாய் வருவாய்க்கும் 98.44 ரூபாய் செலவிட்டதாகக் கணக்குக் காட்டியது. தேசிய அனல்மின் கழகமும் இர்கான் நிறுவனமும் கொடுத்த முன்பணத்தை நீக்கினால் அந்த எண் 102.66 என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019இல் அவையில் வைக்கப்பட்ட அறிக்கையில் சுட்டிக்காட்டினார்.

இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவு நான்கு ரூபாய்ச் சொச்சம். மாஸி பதவி இறங்கிய பிறகு வேறொரு நாட்டின் குழுவிடம் சொன்னதை, இன்று பதவியில் இருக்கும் ஒரு தணிக்கையாளர் தன் நாட்டின் நாடாளுமன்றத்திடமே எழுத்தில் சொல்ல முடிகிறது. வெல்பி ஆணையத்தின் முன் நின்ற நால்வரும் கேட்டவற்றுள் ஒரு பகுதி இவ்வாறு நிறைவேறியிருக்கிறது. அந்த அறிக்கையை எடுத்து வைத்துக் கேள்வி கேட்பது எஞ்சிய பகுதி. அது தணிக்கையாளரின் பணியன்று. அவை உறுப்பினர்களும், அவர்களை அங்கே அனுப்பியவர்களும் செய்ய வேண்டியது.