கறுப்பு ஜூலை 1983: கொழும்பில் பற்றிய தீ மதுரையை ஏன் சுட்டது? 40 வருஷம் தாண்டியும் முடியாத கணக்கு

ஜூலை கடைசி வாரம் வந்தாலே டொரண்டோ, லண்டன் தொடங்கி சென்னை வரைக்கும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சோசியல் மீடியாவில் 'கறுப்பு ஜூலை' என்ற வார்த்தை சுற்றும். 1983-க்குப் பிறகு பிறந்த பலருக்கு அந்த வார்த்தை தெரியும், கதை முழுசா தெரியாது. அப்போ என்ன நடந்தது? மதுரை ஏன் கொதித்தது? உலகம் என்ன செய்தது? அன்றைக்குக் காட்டிய ஆதரவில் இன்னைக்கு மிச்சம் இருப்பது என்ன? விரிவா பார்க்கலாம்.

சுருக்கமா 5 பாயிண்ட்

- 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கிய தமிழர் எதிர்ப்பு வன்முறை ஒரு வாரம் நீடித்தது.
- அரசுக் கணக்கில் பலி சில நூறு. மற்ற மதிப்பீடுகள் 3,000 வரை போகின்றன. சுமார் 1,50,000 பேர் வீடிழந்தார்கள்.
- வெலிக்கடை சிறையில் மட்டும் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.
- 1983 முதல் 1987 வரை 1,34,053 பேர் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.
- அவர்களில் கணிசமானவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள்.

1983 ஜூலையில் என்னதான் நடந்தது?

ஜூலை 23 இரவு. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். (இது நம்ம திருநெல்வேலி இல்லை; யாழ்ப்பாணத்திலும் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கு.) மறுநாள் அந்தப் பகுதியில் ராணுவம் நடத்திய பதிலடியில் சுமார் 50 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

இறந்த வீரர்களின் உடல்களைக் கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடு நடந்தது. ஜூலை 24 மாலை பெரும் கூட்டம் கூடியது. உடல்கள் வந்து சேரத் தாமதமாக, கூட்டம் ஆத்திரமடைந்தது. அங்கிருந்து கிளம்பிய கும்பல்கள் பொரளையில் தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தன. அடுத்த நாளே வெள்ளவத்தை, புறக்கோட்டை என நகரம் முழுக்கப் பரவியது. பிறகு கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா என மலையகத்துக்கும் தொற்றியது.

வெறும் ஆத்திரத்தில் கிளம்பிய கும்பலா இது? இந்தக் கேள்விதான் முக்கியம். வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்று உயிர் தப்பியவர்களும் அன்றைய செய்தியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எது தமிழர் வீடு, எது பக்கத்துச் சிங்களர் வீடு என்று தெரிந்தே தாக்கினார்கள். சர்வதேச நீதிபதிகள் ஆணையத்துக்காக பிரிட்டன் வழக்கறிஞர் பால் சீகார்ட் 1984-ல் தந்த அறிக்கையும், இது தானாக வெடித்த கலவரம் அல்ல, முன்கூட்டியே திட்டமிட்ட ஒன்று என்ற முடிவுக்குத்தான் வந்தது.

ஜூலை 25-ம் தேதி வெலிக்கடை சிறைக்குள் 35 தமிழ்க் கைதிகள் மற்ற கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோர் இதில் அடக்கம். இரண்டு நாள் கழித்து, ஜூலை 27-ல், அதே சிறையில் இன்னும் 18 பேர். அரசு காவலில் இருந்தவர்களுக்கே இந்த நிலைமை என்ற செய்திதான் தமிழ்நாட்டை அதிகம் உலுக்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கு. பல சிங்களக் குடும்பங்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்துத் தமிழ் அயலாரை வீட்டுக்குள் ஒளித்து வைத்தன. இன்றைக்கு உயிரோடு இருக்கும் பலரின் கதை அந்தக் கதவுகள் திறந்ததால்தான் தொடர்ந்தது.

அரசு என்ன செய்தது?

ஜனாதிபதி ஜே.ஆர்.ஜெயவர்த்தன நாட்டு மக்களிடம் டிவியில் பேசவே ஜூலை 28 ஆகிவிட்டது. அந்த உரையில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. வன்முறைக்கு இடதுசாரிகளின் சதியே காரணம் என்று சொல்லி ஜே.வி.பி. உள்ளிட்ட கட்சிகளை அரசு தடை செய்தது. ஆகஸ்ட்டில் 6-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. தனி நாடு கேட்க மாட்டோம் என்று எம்.பி.க்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது அது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்.

ஆக, வீடு போனது, கடை போனது, கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் இருந்த குரலும் போனது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆயுதக் குழுக்களில் சேர்ந்தார்கள். 26 வருட உள்நாட்டுப் போர் இங்கிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

கடைசியில் மன்னிப்பு வந்தது, 21 வருஷம் கழித்து. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசு சார்பில் மன்னிப்பு கேட்டார்.

மதுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் காரணம் ரத்த உறவு. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போனது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் இருந்துதான். அவர்களின் வாரிசுகளே மலையகத் தமிழர்கள். 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. வைகைக் கரைக் கிராமங்களில் 'சிலோன்காரங்க வீடு' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது காரணம் இடம். ராமேஸ்வரமும் மண்டபமும் மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். கடல் தாண்டி வந்தவர்களுக்கு அடுத்த பெரிய ஊர் மதுரை.

மூன்றாவது, அரசியல். 1983 ஆகஸ்ட் 2-ல் தமிழ்நாடு முழுக்க பந்த் நடந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி, எதிர்க்கட்சிகள் என்ற வித்தியாசம் இல்லாமல் மாநிலமே ஸ்தம்பித்தது. தி.மு.க. தலைவர் கருணாநிதியும் க.அன்பழகனும் இந்தப் பிரச்சினைக்காக எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். அப்போது மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த பழ.நெடுமாறன், மதுரையிலிருந்து தொண்டர்களோடு ராமேஸ்வரம் நோக்கிப் புறப்பட்டார். படகேறி இலங்கைக்கே போவது திட்டம். அரசு அதைத் தடுத்துவிட்டது.

டெசோ மாநாடு: டெல்லித் தலைவர்கள் மதுரை வந்த நாள்

1985 மே மாதம் கருணாநிதி தலைமையில் 'டெசோ' எனும் தமிழீழ ஆதரவாளர்கள் அமைப்பு உருவானது. 1986 மே 4-ல் அது மதுரையில் பெரிய மாநாடு நடத்தியது. வாஜ்பாய், என்.டி.ராமாராவ், பகுகுணா போன்ற தேசியத் தலைவர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். தமிழர் பிரச்சினை தமிழ்நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று காட்டிய மேடை அது.

ஆனா அதே வாரம் யாழ்ப்பாணத்தில் வேற ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் விடுதலைப் புலிகள் இன்னொரு போராளிக் குழுவான டெலோவைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். சகோதர யுத்தம் வேண்டாம் என்று மதுரை மேடையிலிருந்து வேண்டுகோள் போனது. மாநாடு முடிந்த இரண்டாம் நாள், மே 6-ல், டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். ஒற்றுமைக்காகக் கூடிய ஊருக்கு இது பெரிய அடி.

உலகம் என்ன செய்தது?

- இந்தியா: பிரதமர் இந்திரா காந்தி, வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவை உடனே கொழும்புக்கு அனுப்பினார். பிறகு ஜி.பார்த்தசாரதி சிறப்புத் தூதரானார். இன்னொரு பக்கம் போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சியும் இந்தியாவில் கிடைத்தது.
- ஐ.நா.: 1983 செப்டம்பரிலேயே மனித உரிமை துணை ஆணையம் இலங்கை குறித்துத் தீர்மானம் போட்டது.
- கனடா: சிறப்பு ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்து 1,800-க்கும் அதிகமான தமிழர்களை வரவேற்றது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லேண்ட் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150-க்கும் மேற்பட்ட தமிழர்களை அங்குள்ள மீனவர்கள்தான் கரை சேர்த்தார்கள். பெயர் தெரியாது, மொழி தெரியாது. ஆனாலும் படகில் ஏற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் ஆதரவு ஏன் குறைந்தது?

1987 ஜூலை 29-ல் இந்திய - இலங்கை ஒப்பந்தம். அமைதிப்படை போனது, புலிகளோடு சண்டையில் முடிந்தது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை. அதோடு தமிழ்நாட்டின் மனநிலை தலைகீழாக மாறியது. அகதி என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலம் வந்தது. 1992 முதல் 1995 வரை சுமார் 54,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொலைக்கும் முகாமில் இருந்த சாதாரணக் குடும்பங்களுக்கும் தொடர்பில்லை. ஆனா கோபத்தின் விலையை அவர்களும் கொடுத்தார்கள்.

இப்போ முகாம்களில் என்ன நிலைமை?

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என 3 முகாம்கள் இருக்கு. 2021-ல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி, மாநிலம் முழுக்க 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். அந்த ஆண்டு முதல்வர் மு.க.ஸ்டாலின் ரூ.317.40 கோடிக்குத் திட்டங்கள் அறிவித்தார். 7,469 புதிய வீடுகளும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறியது.

பெயர் மாறியது. ஆனா குடியுரிமை? அது மாநில அரசு கையில் இல்லை.

குடியுரிமைச் சிக்கல் என்ன?

இந்தியா 1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் எல்லாமே குடியுரிமைச் சட்டத்தில் உள்ள தேதிகளைப் பொறுத்தது:

- 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்: பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை.
- 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்கணும்.
- அதற்குப் பின் பிறந்தவர்: ஒருவர் இந்தியராக இருக்கணும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்க. 1983 கலவரத்தில் தப்பி வந்த தம்பதி. அண்ணன் 1986-ல் மண்டபத்தில் பிறக்கிறான். தங்கை 1988-ல் அதே இடத்தில் பிறக்கிறாள். சட்டப்படி அண்ணன் இந்தியன். தங்கை இல்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரேஷன் கடை. ஆனா பாஸ்போர்ட், ஓட்டு, அரசு வேலை என்று வரும்போது அண்ணனுக்குக் கதவு திறக்கும், தங்கைக்குத் திறக்காது.

அண்ணனுக்கும் சும்மா திறக்கவில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-ல் தீர்ப்பு சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அதற்கு முன் 2019 ஜூனிலும், திருச்சி முகாமைச் சேர்ந்த 65 பேர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதை மத்திய அரசு பரிசீலிக்கணும் என்று இதே மதுரைக் கிளை உத்தரவிட்டது.

சி.ஏ.ஏ.வில் இவங்க வரமாட்டாங்களா?

வரமாட்டாங்க. 2019 சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட மதத்தவருக்கு மட்டும்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு நிவாரணம் வந்தது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். கைது பயம் போகும். குடியுரிமை வராது.

இதில் நாம கவனிக்க வேண்டியது என்ன?

துயரம் வந்த உடனே காட்டும் ஆதரவு பெரும்பாலும் தெருவில் இருக்கும்: பந்த், ஊர்வலம், மாநாடு. தேவைதான். அது இல்லாமல் 1983-ல் டெல்லி அசைந்திருக்காது. ஆனா கோபம் அடங்கிய பிறகும் நிற்பது வேற மாதிரியான ஆதரவு. 2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் திணறியபோது, தமிழ்நாடு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது. தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லா மக்களுக்குமாகவே அது போனது.

அந்தக் கப்பல்கள் கிளம்பிய அதே வருஷம்தான் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட் தீர்ப்பும் வந்தது. ஒரு நபருக்கு, ஒரு வழக்கில். 1987 ஜூலை 1-க்குப் பிறகு முகாமில் பிறந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர்களுக்கு வழி பிறக்கணும்னா சட்டம் மாறணும், இல்லைன்னா மத்திய அரசு தனி முடிவு எடுக்கணும். இந்த இரண்டும் இன்னும் நடக்கவில்லை.