உப்பு விற்றவளும் சேலை விரிப்பவளும்

அகநானூற்றின் 390ஆம் பாடலில் ஒரு பெண் உப்பு விற்றுக்கொண்டு தெருத்தெருவாக வருகிறாள். நெல்லை வாங்கிக்கொண்டு அதே அளவு உப்பைக் கொடுப்பது அவளுடைய வியாபாரம். வழியில் ஒருவன் மறிக்கிறான். அவன் உப்பின் விலையைக் கேட்கவில்லை. அவளுடைய உடம்பைச் சுட்டி, இதன் விலை எங்களுக்குத் தெரியவில்லையே என்கிற பொருளில் பேசுகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். மறிக்கிற நீங்கள் யார் என்று கேட்கிறாள். சிறு முறுவலோடு நகர்ந்துவிடுகிறாள். பாடல் முழுவதும் அவன் கூற்று. தன் நெஞ்சு அவளிடம் போய்விட்டது என்று முடிக்கிறான். பாடியவர் அம்மூவனார், திணை நெய்தல்.

அதே அம்மூவனார் பாடிய 140ஆம் பாடலிலும் ஓர் உப்பு விற்கும் பெண் வருகிறாள். அவளுடைய புதிய குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். மிரண்ட கண்களின் அழகைப் பாடல் சொல்கிறது. வேலைக்கு வந்த இடத்தில் ஒரு பெண் அடைந்த அச்சம் அங்கே அழகாகிவிடுகிறது.

இந்தப் பாடல்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் காதல் பாடல்களாகவே நடத்தினேன். ஒருமுறை, மாலையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள்: “அவளால திருப்பிக் கேட்டுட்டுப் போக முடிஞ்சிருக்கு, மேடம். நாங்க நின்ன இடத்துலயேதான நிக்கணும்?” வாடிக்கையாளர் வரலாற்றை நான் தேடத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

அவள் சொன்னதில் ஒரு பொருளியல் உண்மை இருக்கிறது. உப்பு விற்றவளுடைய சரக்கு அவளுடைய குடும்பத்தின் சரக்கு. விலையைச் சொல்பவள் அவள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்குலப் பெண் நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து எருமையையும் பசுவையும் வாங்குகிறாள். எதற்கு விற்பது, யாருக்கு விற்க மறுப்பது என்பது அவள் கையில் இருக்கிறது. தெருவில் விற்ற பெண்களுக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. 390ஆம் பாடலே சாட்சி. ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக அவளுக்குக் கால்கள் இருந்தன. இன்றும் மீன்காரப் பெண்ணிடம் வம்பு பேச எல்லோருக்கும் துணிவு வருவதில்லை. அவளை வாயாடி என்கிறோம். அந்த வாய் அவளுக்குத் தொழில் கொடுத்த பாதுகாப்பு.

பெண் கடைக்குள் கூலிக்கு நின்றபோது அந்த வாய் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசிலும் லண்டனிலும் சிகாகோவிலும் பெருங்கடைகள் வளர்ந்தன. விலை முன்கூட்டியே எழுதப்பட்டது. சரக்கு முதலாளியுடையது. விற்பவள் தன்னுடையதாகத் தர முடிந்தது பணிவும் பொறுமையும்தான். வாடிக்கையாளர் சொல்வதே எப்போதும் சரி என்ற வாசகம் அந்தக் கடைகளிலிருந்து பரவியது. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு சொன்னதாகவும், அவரிடம் வேலை பார்த்து 1909இல் லண்டனில் சொந்தக் கடை திறந்த ஹாரி செல்ஃப்ரிட்ஜ் சொன்னதாகவும் கூறுவார்கள். யார் சொல்லியிருந்தாலும், அதை நிறைவேற்றும் வேலை கவுண்டரில் நின்றவள் மேல் விழுந்தது.

மார்கரெட் பாண்ட்ஃபீல்டு பதினான்கு வயதில் இங்கிலாந்தின் பிரைட்டன் பகுதியில் அப்படி ஒரு கடைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர். கடை ஊழியர்கள் முதலாளி தரும் விடுதியிலேயே தங்க வேண்டிய காலம் அது. சின்னத் தவறுகளுக்கும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. கடை ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, புனைபெயரில் அந்த வாழ்க்கையைப் பற்றி எழுதினார். 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். அவர் சங்க வேலையில் இருந்த நாட்களில், 1899இல், அங்கே ஒரு சட்டம் வந்தது: கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும்.

நம் ஊர் ஜவுளிக்கடைப் பெண்களின் நாளை அவர்களிடம் கேட்டால் அந்த லண்டன் கடை அதிகம் மாறவில்லை என்று தோன்றும். விடுதி, பிடித்தம், நாள் முழுக்க நிற்பது. கூடவே வாடிக்கையாளர். மீதிச் சில்லறையை வாங்கும்போது விரலைப் பிடிக்கும் ஆண். சேலையை உன் தோளில் போட்டுக் காட்டு என்பவன். மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்பவனும் உண்டு. புகார் சொன்னால் சூப்பர்வைசர் சொல்வது ஒன்றே: “கஸ்டமர்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

ஆண்களோடு நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்துபோகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். நானும் போயிருக்கிறேன். விரித்த ஒவ்வொன்றையும் அவள் மறுபடி மடித்து அடுக்க வேண்டும். வாங்காமல் போனால் அவளைத்தான் திட்டுவார்கள். வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேச முடியாத பெண்ணுக்கு, தான் சொன்னதைக் கேட்க ஆள் கிடைக்கும் இடமாகக் கடை ஆகிவிடுகிறது. அதற்கான விலையை இன்னொரு பெண் கொடுக்கிறாள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், சம்பளத்துக்காக உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் காட்டுவதை ஓர் உழைப்பு என்று பெயரிட்டார். அதை உழைப்பு என்று ஒப்புக்கொள்ளாதவரை, சிரிப்பது பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிடலாம். கடினமான வாடிக்கையாளரைச் சமாளிப்பது எப்படி என்று பயிற்சி தருகிறவர்கள் மூச்சை இழுத்துவிடு, சிரித்த முகமாயிரு என்கிறார்கள். கடை மாற வேண்டியதில்லை, அவள் மட்டும் மாற வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பெண்கள் வேறு வழியில் போனார்கள். கழிப்பறை இல்லை, உட்காரக்கூடாது என்ற நிலைக்கு எதிராக, தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் கடைப் பெண்களைத் திரட்டினார். உட்காரும் உரிமைக்கான அவர்களுடைய போராட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது. பிரிட்டனின் சட்டத்துக்கு 122 ஆண்டுகள் கழித்து.

வாடிக்கையாளரைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. நம் மாணவிகளுக்கு அது தெரிவதில்லை. வெளியாளால் நேரும் பாலியல் தொல்லையிலும் பாதிக்கப்பட்டவருக்கு முதலாளி துணைநிற்க வேண்டும் என்று 1997இல் விசாகா வழக்குத் தீர்ப்பு சொன்னது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்பு தருவதை முதலாளியின் கடமையாக்குகிறது. தொல்லை தந்தவர் ஊழியராக இல்லாவிட்டாலும், அவள் விரும்பினால், அவர்மீது குற்ற நடவடிக்கைக்கு முதலாளி வழிசெய்ய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்ட அளவிலான புகார்க் குழுவிடம் போகலாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எந்த முதலாளிக்கும் சட்டத்தில் இடமில்லை.

மறிக்கிற நீங்கள் யார் என்று உப்பு விற்றவள் தனியாகக் கேட்டாள். கடைக்குள் நிற்பவள் தனியாகக் கேட்டால் வேலை போகும். அவளோடு சங்கம் கேட்க வேண்டும், சட்டம் கேட்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாமும் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே பாடலை நடத்திய நாளில், அந்த மாணவியிடம் உங்கள் கடையில் நாற்காலி போட்டுவிட்டார்களா என்று விசாரித்தேன்.

“போட்டாங்க, மேடம். அது மேல துணி அடுக்கி வச்சிருக்காங்க.”