வாய்ப் பாக்டீரியாக்களின் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு

மனித வாயில் வாழும் பாக்டீரியாக்கள், தம்மை அழிக்கக் கொடுக்கும் மருந்துகளைத் தாங்கிப் பிழைக்கும் திறன். வாயில் சுமார் 700 பாக்டீரியா இனங்கள் அறியப்பட்டுள்ளன, பெரும்பாலானவை தீங்கற்றவை.

இயங்கும் முறை: பற்படலத்தில் இவை நெருங்கி வாழ்வதால், எதிர்ப்பு மரபணுக்கள் இனம்விட்டு இனம் தாவுகின்றன. பிரிவோடெல்லா இனங்கள் பல, பீட்டா-லாக்டமேஸ் நொதியால் பெனிசிலினைச் சிதைக்கின்றன. சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸிடமிருந்து, நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே பெனிசிலின் எதிர்ப்பு மரபணுத் துண்டுகளைப் பெற்றுள்ளது. ஆகவே வாயில் வளரும் எதிர்ப்பு வாயோடு நிற்பதில்லை.

தொன்மை: ஜெர்மனியின் டால்ஹைமில் கிடைத்த இடைக்காலப் பற்காரையில் எதிர்ப்பு மரபணுக்களை ஒத்தவை இருந்ததை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவை மருந்துகளுக்கு முந்தியவை. அவற்றைப் பெருக்குவது மருந்துகளின் மிகைப் பயன்பாடு.

தமிழ்நாடும் இந்தியாவும்: எதிர்ப்புச் சிக்கல் வாய்க்கு அப்பாலும் உண்டு. கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு, சென்னை நோயாளிகளின் குடல்வகைப் பாக்டீரியாக்களில் பரவியிருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, இவ்வெதிர்ப்பைச் சமாளிக்க ‘சென்னைப் பிரகடனம்’ வகுத்தன. 2014 மார்ச் முதல், சில ஆன்டிபயாட்டிக்குகளும் அடங்கிய அட்டவணை எச்1 மருந்துகளின் விற்பனையை மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பல்வலிக்கு வழக்கமாக வாங்கப்படும் அமாக்சிசிலினுக்கும் மருத்துவரின் சீட்டு கட்டாயம்.

தடுப்பு: மீளாத பற்கூழ் அழற்சியின் வலியை ஆன்டிபயாட்டிக் தணிக்காது, வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் தீர்வு. காய்ச்சலோ பரவும் முகவீக்கமோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவை. அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சீட்டில்லாமல் மாத்திரை வாங்குவதும், மீந்ததைப் பிறருக்குத் தருவதும் கைவிடப்பட வேண்டியவை.