ஐந்து விரலும் விரித்த கை

துணி மாட்டும் கம்பி ஹேங்கர் இரண்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் கூடு இரண்டு. வீட்டிலேயே நீரோட்டம் பார்க்கும் கருவி செய்ய இவ்வளவு போதும். கம்பியை வெட்டி ‘ட’ போல வளைத்து, குட்டைப் பக்கத்தைப் பேனாக் கூட்டுக்குள் விட்டு, ஆளுக்கொரு கையாகப் பிடித்து நடந்தால், ஏதோ ஓரிடத்தில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். நம் கிராமங்களில் வேப்பங்கவையும் உள்ளங்கையில் வைத்த தேங்காயும் இதே வேலையைச் செய்கின்றன.

கம்பி நிஜமாகவே திரும்பும். பிடித்திருப்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் கண்ணால் பார்த்தால், மணிக்கட்டின் சின்னச் சாய்வைப் பெரிய அசைவாக்கிக் காட்டும் பொறி அது. மனம் எதிர்பார்ப்பதை உடல் தானறியாமல் செய்துவிடும் என்பதை, நூலில் தொங்கும் குண்டை வைத்து பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல் 1833-லேயே எழுதிவிட்டார். 1556-இல் வெளியான சுரங்க நூலில் கவைக்குச்சியை விவரித்த அக்ரிகோலாவும், நல்ல சுரங்கக்காரனுக்கு அது தேவையில்லை என்றே சொன்னார். நம் பக்கம் ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்குச் சொல்லும் அடையாளங்கள் மரம், புற்று, மண், பாறை. எல்லாமே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை.

அப்புறம் ஏன் இத்தனை பேருக்குத் தண்ணீர் கிடைக்கிறது? பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் நின்றால் பதில் காலடியிலேயே இருக்கிறது. மேலே வறண்ட மணல், அடியில் ஊறும் நீர். பாலாற்றுப் படுகையில் மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சியது பழைய வழக்கம். இந்த மணலில் குச்சி எங்கே காட்டினாலும் சரியாகத்தான் இருக்கும். ஆற்றை விட்டு விலகிக் கடினப் பாறைக்குப் போனால் கதை மாறும். அங்கே நீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும். பத்தடி தள்ளிப் போட்ட போர் புழுதியைக் கக்கலாம். ஆற்றோரம் சம்பாதித்த பேரோடு ஒருவர் பாறை நிலத்தில் இடம் குறிக்கும்போது, கடன் வாங்கி போர் போடுபவர்தான் விலை கொடுக்கிறார்.

இதைச் சோதிப்பது எப்படி? இங்கேதான் உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகனின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முப்பது குடும்புகளுக்கும் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஆக, அதுவும் தண்ணீர் விவகாரம்தான். ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். படித்ததை மற்றவர்களும் படித்துச் சொல்ல வேண்டும். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. கை தப்பு செய்ய வழியில்லாமல் முறையை அமைத்தார்கள். இன்று ‘பிளைண்ட் டெஸ்ட்’ என்கிறோமே, அதன் பாதி அங்கே இருக்கிறது.

1987-88இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் நடந்ததும் இந்த வகைதான். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி வைத்தார்கள். மேல்தளத்தில் குச்சிக்காரர்கள் தேடினார்கள். சுமார் 500 பேரில் தேறிய 43 பேர், 843 சோதனைகள். நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை உண்டு என்றார்கள். அதே எண்களை 1999-இல் மீண்டும் அலசிய ஜிம் என்ரைட், குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மேல் ஒன்றுமில்லை என்று காட்டினார்.

நீங்களும் செய்யலாம். மூடி போட்ட, ஒரே மாதிரி ஐந்து வாளிகள். ஒருவர் சீட்டுக் குலுக்கி ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே போகட்டும். எதில் என்று தெரியாத இன்னொருவர் உங்களோடு நின்று விடையைக் குறிக்கட்டும். இருபது தடவை. சும்மா ஊகித்தாலே சராசரியாக நான்கு சரியாக வரும். பதினைந்து வந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். நான்கைந்துதான் வந்தது என்றால், அடுத்த முறை ஊரில் யாராவது போர் போடக் கிளம்பும்போது அந்த ஐந்து வாளியை நீங்களே எடுத்துப் போய் வையுங்கள்.